கோங்லியாவும் நின்றுபோன அணுமின் நிலையமும்: படிக்கவும் பார்க்கவும் ஒரு வழிகாட்டி

தைவான் தீவின் வடகிழக்கு மூலையில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பசிபிக் பெருங்கடலுமாக அமைந்த கோங்லியாவ், நியூ தைபே மாநகரின் 29 வட்டங்களுள் ஒன்று. ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுமார் 12,000 மக்களும் கொண்ட இந்தச் சிறிய வட்டத்தில், எரிபொருள் ஒருநாளும் நிரப்பப்படாத இரண்டு அணுவுலைகள் நிற்கின்றன. லுங்மென் அணுமின் நிலையம் என்பது அவற்றின் அதிகாரப் பெயர். தைவானின் நான்காவது அணுமின் நிலையம் என்பதால் மக்கள் அதைச் சுருக்கமாக ‘அணு நான்கு’ என்றே சொல்கிறார்கள். அதைப் பற்றி எழுதவோ ஆய்வு செய்யவோ நேரில் சென்று பார்க்கவோ விரும்பும் தமிழ் வாசகர், எந்த வரிசையில் படித்தால் குழப்பமின்றிப் புரிந்துகொள்ளலாம், எங்கே நின்று எதைப் பார்க்கலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். அணுவுலையின் தொழில்நுட்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் தொடங்குகின்றன. அதனாலேயே, ஏறத்தாழ முழுமையாகக் கட்டப்பட்ட ஒரு நிலையம் ஏன் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தரவில்லை என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. அந்த விடை ஊரிலும், வாக்குச்சீட்டிலும், அரசு ஆணைகளின் சொற்களிலும் இருக்கிறது.

பெயர்களைச் சரிசெய்து கொள்ளுங்கள்

2010 டிசம்பர் 25 அன்று தைபே மாவட்டம் நியூ தைபே மாநகராக மாற்றப்பட்டபோதுதான் கோங்லியாவ் மாநகர வட்டமானது. அதுவரை அது தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒரு சிற்றூராட்சி. வட்டமான பிறகு அதன் தலைமை அலுவலரை மாநகர நிர்வாகமே நியமிக்கிறது. பழைய ஆவணங்களில் ‘தைபே மாவட்டம், கோங்லியாவ் சிற்றூராட்சி’ என்றும், புதியவற்றில் ‘நியூ தைபே மாநகரம், கோங்லியாவ் வட்டம்’ என்றும் இருப்பவை ஒரே இடம்தான். ஆனால் 1994இல் ஊராட்சியாகத் தன் பகுதிக்குள் தானே வாக்கெடுப்பு நடத்த முடிந்த இந்த ஊருக்கு, இன்று அப்படிச் செய்யத் தனக்கென ஓர் ஆட்சிமன்றம் இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயர்களும் வரலாற்றைச் சொல்லும். கோங்லியாவ் என்ற பெயர், இங்கே முதலில் வாழ்ந்த கேதகாலன் பழங்குடியினர் விலங்குகளுக்குப் பொறி வைத்துக் காத்திருந்த குடில்களைக் குறித்தது என்பார்கள். நிலையம் அமைந்துள்ள யென்லியாவ் என்ற இடத்தின் பெயருக்கு ‘உப்புக் குடில்’ என்று பொருள். வட்டத்தின் கிழக்கு முனையான சாந்தியாவ் முனை, தைவான் தீவின் ஆகக் கிழக்கு முனையும் ஆகும். 1626இல் வந்த ஸ்பானியர்கள் இட்ட ‘சாந்தியாகோ’ என்ற பெயரே சீன ஒலிப்பில் அப்படித் திரிந்தது. 1895 மே 29 அன்று ஜப்பானியப் படை தைவானைக் கைப்பற்றக் கரையிறங்கியதும் இந்த வட்டத்தின் ஆவ்தி, யென்லியாவ் கரையில்தான். அதை எதிர்த்தவர்களுக்கான நினைவுச்சின்னம் யென்லியாவில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பெரும் சக்திகள் முதலில் கால் வைத்த கரை இது என்ற நினைவு, பின்னாளில் அணுமின் நிலையத்தை எதிர்த்தவர்களின் பேச்சிலும் ஒலித்தது.

காலவரிசையை ‘யார் முடிவு செய்தார்கள்’ என்ற கேள்வியோடு எழுதுங்கள்

தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினால் இந்தக் கதை நூல் சிக்கலாகிவிடும். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும், முடிவெடுத்தது அரசு மின் நிறுவனமான தைபவரா, அமைச்சரவையா, நாடாளுமன்றமா, அணுசக்தி ஒழுங்காற்று அமைப்பா, அரசியலமைப்பு நீதிபதிகளா, வாக்காளர்களா என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் திட்டம் எத்தனை முறை, யார் யார் கையால் நின்றது என்பது தெளிவாகும்.

திட்டத்தைத் தைபவர் முன்மொழிந்து யென்லியாவைத் தேர்ந்தெடுத்தபோது தைவானில் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஊராரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் இல்லை. 1985இல் செலவு குறித்த கேள்விகள் எழுந்ததால் அமைச்சரவை அதை ஒத்திவைத்தது. அடுத்த ஆண்டு செர்னோபில் விபத்து நடந்தது. 1987இல் இராணுவச் சட்டம் நீங்கியதும் ஊர் பேசத் தொடங்கியது. 1988 மார்ச் 6 அன்று யென்லியாவ் அணுமின் எதிர்ப்புத் தற்காப்புச் சங்கம் தோன்றியது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் மீனவர்களும் கடைக்காரர்களும். அவர்கள் கூடிய இடம் ஆவ்தியில் கடல் தெய்வம் மாட்சுவுக்குக் கட்டப்பட்ட ரென்ஹ கோயில். 1991 அக்டோபர் 3 அன்று நிலைய வாயிலில் நடந்த மோதலில் ஒரு காவலர் வாகனம் மோதி இறந்தார். வாகனத்தை ஓட்டியவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஊர் சில ஆண்டுகள் வாயடைத்துப் போனது. இயக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் இந்த நாளைத் தவிர்க்கக் கூடாது, ஒருதலையாக எழுதவும் கூடாது.

1996ஆம் ஆண்டைத் தனித் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. மே 24 அன்று, அணுமின் நிலையங்களைக் கட்டுவதையே கைவிட வேண்டும் என்று நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாளே அணுவுலைகளுக்கான ஒப்பந்தப்புள்ளி ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குப் போனது. அக்டோபரில் அமைச்சரவையின் மறுபரிசீலனைக் கோரிக்கையை ஏற்று அதே நாடாளுமன்றம் தன் தீர்மானத்தைப் புரட்டியது. 1999 மார்ச்சில் கட்டுமான உரிமம் கிடைத்தது.

2000இல் ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் சென் ஷுய்-பியென் அதிபரானார். அக்டோபர் 27 அன்று அவர் எதிர்க்கட்சியான குவோமின்தாங்கின் தலைவரைச் சந்தித்துப் பேசி முடித்த சிறிது நேரத்துக்குள், பிரதமர் சாங் சுன்-ஷியுங் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார். பேச்சுக்கு அழைத்துவிட்டு முதுகில் குத்திவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. அதிபரைத் திரும்ப அழைக்கும் முயற்சி வரை அது போயிற்று. 2001 ஜனவரி 15 அன்று அரசியலமைப்பு நீதிபதிகள் வெளியிட்ட 520ஆம் எண் விளக்கம், நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த ஒரு பெரிய கொள்கையை அமைச்சரவை அதற்குத் தெரிவிக்காமல் நிறுத்தியது நடைமுறைக் குறை என்று கூறியது. அணுமின் நிலையம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அந்த விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இதை அணுமின்னுக்கு ஆதரவான தீர்ப்பாக எழுதுபவர்கள் பலர், அது தவறு. பிப்ரவரி 14 அன்று பணி மீண்டும் தொடங்கியது. கோங்லியாவ் மக்களைப் பொறுத்தவரை, தங்களோடு சேர்ந்து நின்ற கட்சியே ஆட்சிக்கு வந்து, பணியை நிறுத்திய 110 நாட்களில் மீண்டும் கட்டச் சொன்னது. 1991ஐவிட இது ஆழமாகக் காயப்படுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

பின்னர் வந்தது 2011 மார்ச் 11. ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், கூடங்குளத்தில் நடந்தது போலவே, தைவானிலும் எதிர்ப்பு புது வேகம் பெற்றது. ஆனால் இரண்டும் முடிந்த விதம் முற்றிலும் வேறு என்பதால் ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. 2014 ஏப்ரல் 22 அன்று, ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் முன்னாள் தலைவர் லின் யீ-ஷியுங், தைபேயில் உள்ள ஒரு தேவாலயத்தில் காலவரையற்ற உண்ணாநோன்பு தொடங்கினார். அந்தத் தேவாலயம் ஒருகாலத்தில் அவருடைய வீடு. 1980 பிப்ரவரி 28 அன்று, அவர் அரசியல் வழக்கில் சிறையில் இருந்தபோது, அவருடைய தாயும் இரட்டைப் பெண் குழந்தைகளும் அந்த வீட்டில் கொல்லப்பட்டார்கள். இந்தப் பின்னணி தெரியாதவருக்கு, ஒரு முதியவரின் நோன்பு ஒரு வாரத்துக்குள் அரசை அசைத்தது ஏன் என்பது விளங்காது. ஏப்ரல் 27 அன்று அதிபர் மா யிங்-ஜியோவின் அரசு, முதல் அணுவுலையைச் சோதனைகள் முடிந்ததும் முத்திரையிட்டு வைப்பதென்றும், இரண்டாவதன் பணியை முழுவதும் நிறுத்துவதென்றும் இசைந்தது. முத்திரையிடல் 2015 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வாக்கெடுப்புகளைப் படிக்கும் முறை

இந்தக் கதையில் ஆகத் தவறாக எடுத்தாளப்படுபவை வாக்கெடுப்பு எண்களே. ஒவ்வொன்றிலும் நான்கு செய்திகளைப் பாருங்கள்: யார் நடத்தியது, சட்ட வலிமை உண்டா, கேள்வி எந்தத் திசையில் கேட்கப்பட்டது, குறைந்தபட்ச வாக்கு வரம்பு எவ்வளவு.

1994 மே 22 அன்று கோங்லியாவ் ஊராட்சி தானே நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 58 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அவர்களில் சுமார் 96 விழுக்காட்டினர் நிலையம் வேண்டாம் என்றார்கள். ஆனால் தைவானில் பொதுவாக்கெடுப்புச் சட்டமே 2003இல்தான் வந்தது. எனவே அந்த 96 விழுக்காடு மைய அரசை எந்த வகையிலும் கட்டுப்படுத்தவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிலையத்துக்குப் பல ஆண்டுகளுக்கான நிதியை ஒரேயடியாக ஒதுக்கியது.

2013 பிப்ரவரியில் பிரதமர் ஜியாங் யீ-ஹுவா நாடு தழுவிய வாக்கெடுப்பை முன்மொழிந்தபோது நடந்ததை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அன்றைய சட்டப்படி தகுதியுள்ள வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களித்தால்தான் முடிவு செல்லும். அதற்கு முன் நடந்த எந்த நாடு தழுவிய வாக்கெடுப்பும் அந்த வரம்பை எட்டியதில்லை. முன்மொழியப்பட்ட கேள்வியோ ‘கட்டுமானத்தை நிறுத்தவும் இயக்காமல் விடவும் இசைகிறீர்களா’ என்று இருந்தது. அதாவது, போதிய பேர் வராவிட்டால் வாக்கு விழுக்காடு எதுவானாலும் கட்டுமானம் தொடரும். ‘இயக்க இசைகிறீர்களா’ என்று கேட்டிருந்தால், அதே வாக்காளர் எண்ணிக்கைக்கு நேர்மாறான விளைவு வந்திருக்கும். எதிர்ப்பாளர்கள் இதைப் பொறி என்றார்கள்; அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை.

நடந்தது 2021 டிசம்பர் 18 அன்று. முதலில் ஆகஸ்டில் நடப்பதாக இருந்து கொரோனாவால் தள்ளிப்போனது. இம்முறை கேள்வி தலைகீழாக இருந்தது: நிலையத்தை உயிர்ப்பித்து வணிக அளவில் மின்சாரம் எடுக்க இசைகிறீர்களா? சட்டமும் மாறியிருந்தது, ‘ஆம்’ என்பவர்கள் ‘இல்லை’ என்பவர்களைவிடக் கூடுதலாகவும், தகுதியுள்ள வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சுமார் 38 லட்சம் பேர் ‘ஆம்’ என்றார்கள், சுமார் 42.6 லட்சம் பேர் ‘இல்லை’ என்றார்கள். வாக்களித்தவர்கள் 41 விழுக்காட்டினர். வித்தியாசம் பெரிதல்ல என்பதையும், 2018 நவம்பரில் அணுமின் நிலையங்களை 2025க்குள் நிறுத்தும் சட்டப்பிரிவை நீக்க இதே வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தைவான் மக்கள் அணுமின்னை எதிர்க்கிறார்கள் என்றோ ஆதரிக்கிறார்கள் என்றோ ஒற்றை வரியில் எழுதுபவர், இந்த இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டுத்தான் எழுத முடியும்.

இப்போது இயந்திரமும் பணமும்

இவ்வளவும் படித்த பிறகு தொழில்நுட்பத்துக்கு வரலாம். நிலையத்தில் இருப்பவை தலா 1,350 மெகாவாட் திறனுள்ள இரண்டு மேம்பட்ட கொதிநீர் அணுவுலைகள். வடிவமைப்பு ஜெனரல் எலக்ட்ரிக்குடையது. ஹிட்டாச்சி, தோஷிபா, மிட்சுபிஷி ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் முக்கியக் கருவிகளைச் செய்தன. இதே வகை அணுவுலை ஜப்பானின் காஷிவசாகி-கரிவாவில் 1990களிலேயே ஓடத் தொடங்கியது என்பதால், சிக்கல் அணுவுலை வகையில் இல்லை. பல ஒப்பந்தங்களாகப் பிரித்துக் கொடுத்து, அவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் தைபவர் பெருமளவு தானே சுமந்துகொண்ட முறையும், வடிவமைப்பாளரின் ஒப்புதலின்றிச் செய்த மாற்றங்களுக்காக ஒழுங்காற்று அமைப்பு அதற்கு அபராதம் விதித்ததும், ‘அரசியலால் மட்டுமே நின்றது’ என்ற வாதத்தைப் பலவீனமாக்குகின்றன. செலவு, தொடக்க மதிப்பீட்டில் சுமார் 17,000 கோடி தைவான் டாலராக இருந்து, இறுதியில் 28,000 கோடியைத் தாண்டியது.

எரிபொருள்தான் திட்டத்தின் உண்மை நிலையைக் காட்டும் நாடி. வாங்கி வைத்திருந்த 1,744 எரிபொருள் கட்டுகளும் 2018 ஜூலை முதல் பகுதி பகுதியாக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 2021இல் அந்த வேலை முடிந்தது. கட்டுமான உரிமம் 2020 டிசம்பர் 31 அன்று காலாவதியானது. 2021 வாக்கெடுப்பின்போது மக்கள் முன் இருந்தது எரிபொருளும் உரிமமும் இல்லாத நிலையம். நிலத்தடியில் உயிருள்ள நிலப்பிளவு இருப்பதாக அரசு தரப்பு அப்போது வலியுறுத்தியது. மறுதரப்பு அதை மறுத்தது.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘நிறுத்தம்’, ‘முத்திரையிடல்’, ‘கைவிடல்’ ஆகிய மூன்றும் வெவ்வேறு. 1996 மே மாதத் தீர்மானம் கோரியது கைவிடல். 2000இல் நடந்தது நிறுத்தம். 2014இல் முதல் அணுவுலைக்கு முத்திரையிடலும், இரண்டாவதற்கு நிறுத்தமும் முடிவாயின. முத்திரையிடல் என்பது, பின்னாளில் ஒரு தலைமுறை விரும்பினால் திறக்கலாம் என்று கருவிகளைப் பேணி வைப்பது. அன்றைய அரசும் அப்படித்தான் விளக்கியது. செய்திகளில் மூன்றையும் ‘ரத்து’ என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் எழுதும்போது, எந்த ஆண்டு, எந்த அணுவுலை, எந்தச் சொல் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். அதேபோல், 2025 மே மாதம் நாடாளுமன்றம் செய்த சட்டத்திருத்தம் இயக்க உரிமங்களின் கால நீட்டிப்பைப் பற்றியது. இயக்க உரிமமே பெற்றிராத லுங்மென்னுக்கு அது பொருந்துவதாக எழுதிவிடாதீர்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று நடந்த வாக்கெடுப்பும் தெற்கே உள்ள மான்ஷான் நிலையத்தைப் பற்றியதே.

நேரில் செல்பவர்களுக்கு

தைபே நிலையத்திலிருந்து யீலான் பாதையில் செல்லும் ரயிலில் ஏறி ஃபூலோங்கில் இறங்குங்கள். ரயிலைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். கோங்லியாவ் என்ற பெயரிலும் ஒரு நிலையம் இருக்கிறது. அது உள்நாட்டில் ஆற்றோரமாக இருக்கிறது. கடற்கரைக்குப் போக நினைப்பவர்கள் பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடக் கூடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். கோடையில் வெயிலும் புயல் அறிவிப்புகளும் உண்டு. ஃபூலோங் ரயிலடியில் விற்கும் சோற்றுப்பெட்டி புகழ்பெற்றது. ஆனால் அதில் பன்றி இறைச்சி இருக்கும் என்பதால், சைவர்கள் தைபேயிலேயே ஏதாவது வாங்கிக்கொண்டு வருவது உத்தமம்.

நிலையத்துக்குள் பொதுமக்கள் தம் விருப்பம்போல் நுழைய முடியாது, முயலவும் வேண்டாம். பார்க்க வேண்டியவை வெளியிலேயே இருக்கின்றன. ஷுவாங் ஆறு கடலில் சேரும் ஃபூலோங் கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள்: பொன்னிற மணலுக்கு அப்பால், மலையடிவாரத்தில் அணுவுலைக் கட்டடங்கள் பெட்டிகளைப் போல் தெரியும். இதே மணலில்தான் 2000 முதல் கோடைகாலத்தில் ஹொஹாய்யான் ராக் இசைவிழா நடந்துவருகிறது. நிலையத்துக்கான துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின் மணல் குறைந்துவிட்டது என்பது ஊராரின் நெடுநாள் குறை.

அங்கிருந்து இரண்டாம் எண் கடற்கரை நெடுஞ்சாலை வழியே மிதிவண்டியிலோ பேருந்திலோ யென்லியாவுக்குச் சென்று நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். பின்னர் ஆவ்தி மீன்பிடித் துறைக்கும் ரென்ஹ கோயிலுக்கும் செல்லுங்கள். கோயிலில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஊரில் யாரிடமாவது பேச வாய்த்தால், ‘அணு நான்கை ஆதரிக்கிறீர்களா’ என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். நாற்பது ஆண்டுகளாக அதைக் கேட்டுக் கேட்டு அவர்கள் சலித்திருப்பார்கள். கடலைப் பற்றிக் கேளுங்கள்: எந்த மாதத்தில் பாசி எடுப்பார்கள், செவிமடல் போன்ற சிப்பிகளை வளர்க்கும் குளங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டால், நிலையத்தைப் பற்றிய பேச்சு தானாக வரும்.

நெருக்கடித் திட்டமிடல் எல்லை 2011க்குப் பின் தைவானில் 5 கிலோமீட்டரிலிருந்து 8 கிலோமீட்டராக்கப்பட்டது. வரைபடத்தில் நிலையத்தை மையமாக வைத்து அந்த 8 கிலோமீட்டர் வட்டத்தை வரைந்து கொண்டு நடந்தால், ஃபூலோங்கின் கடைத்தெரு, ஆவ்தியின் கோயில், ரயில் பாதை, அந்த ஒற்றை நெடுஞ்சாலை எல்லாம் அதற்குள் இருப்பதைக் காண்பீர்கள். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் இருக்க, வெளியேற வழி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் இருந்தால் ஃபூலோங்கிலிருந்து பழைய சாவ்லிங் சுரங்கப்பாதைக்கும் செல்லலாம். 1924இல் ரயிலுக்காகத் திறக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டு, 2008இல் மிதிவண்டிப் பாதையாக மீண்டும் திறக்கப்பட்ட அது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம் கொண்டது; மறுமுனையில் யீலான் மாவட்டத்தின் கடல் தெரியும். நிலையத்தின் படம் வேண்டுமென்றால் மாலை வெளிச்சம் போவதற்குள் கடற்கரைக்குத் திரும்பி எடுத்துக்கொள்ளுங்கள். தைபே செல்லும் ரயில் ஃபூலோங்கை விட்டதும் கடலுக்கு முதுகு காட்டி ஆற்றோரமாக மலைக்குள் திரும்பிவிடும். அதன் பிறகு எந்தச் சன்னலிலிருந்தும் அந்தக் கட்டடங்கள் தெரியாது.